வேதபகுதிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள்

வேதம் வாசித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அடிக்கடி கேட்பார்கள். வாசிப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். காலையில் ஒரு அதிகாரம், ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பழைய ஏற்பாட்டுப் பாடம், நிருபம், சுவிசேஷம். அது திங்கட்கிழமை கடைக்கும் அடுப்படிக்கும் எப்படி வந்து சேரும் என்பதில்தான் தடுமாறுகிறார்கள். நான் சொல்லிக்கொடுக்கும் முறை எளிது: வாசித்த பகுதிக்குப் பக்கத்தில் ஒரு மனுஷருடைய பெயரை எழுதுங்கள். பெயர் எழுதாமல் வேதத்தை மூடாதீர்கள்.

நான் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி வியாபாரம் செய்கிறேன். மாமனார் ஆரம்பித்த கடை. அதனால் எனக்குத் தெரிந்த உதாரணங்கள் எல்லாம் எடை, கூலி, கடன், கணக்கு சம்பந்தப்பட்டவை. ஆனால் நான் எழுதுவது கடைக்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர், பக்கத்து வீட்டில் கைமாத்து வாங்குபவர், சீட்டுப் பிடிப்பவர், சபையில் காணிக்கை எண்ணுபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். நம்முடைய விசுவாசம் முதலில் தெரிவது பணம் கைமாறும் இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். மோசேயின் சட்டத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பலிகளைப் பற்றிச் சொல்கிற அதே லேவியராகமத்தில்தான் எடைக்கல்லும் மரக்காலும் கூலியும் வருகின்றன.

நோட்டு வைக்கும் விதம்

சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். நான்கு கட்டம் போடுங்கள்: வேதபகுதி, பெயர், செய்ய வேண்டியது, தேதி. ஒரு வாரத்துக்கு ஒரு பகுதி எடுத்தால் போதும். தனி வசனமாகப் பொறுக்காமல் முழுச் சம்பவத்தையும் சத்தமாக வாசியுங்கள். பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பகுதியில் பணமோ அதிகாரமோ யார் கையில் இருக்கிறது? அதற்காகக் காத்துக்கொண்டிருப்பவர் யார்? இரண்டுக்கும் பதில் கிடைத்ததும், என் வாழ்க்கையில் என்னிடம் அப்படிக் காத்துக்கொண்டிருப்பவர் யார் என்று யோசியுங்கள். அந்தப் பெயரை எழுதுங்கள்.

செய்ய வேண்டியது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற காரியமாக இருக்க வேண்டும். "இனிமேல் அன்பாக இருப்பேன்" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. "தையல்கார அக்காவுக்கு ஜாக்கெட் தைத்த கூலியைப் புதன்கிழமை கொடுக்க வேண்டும்" என்று எழுதினால் வியாழக்கிழமை தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பெயர்க் கட்டத்தில் நாம் திருத்த நினைக்கிறவர்களின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். "மருமகள் சிக்கனமாக இருக்க வேண்டும்", "கொழுந்தன் குடியை விட வேண்டும்" என்றெல்லாம் எழுதுவார்கள். அதை அடித்துவிடச் சொல்வேன். அவர்களுக்காக ஜெபிக்கலாம், ஆனால் இந்த நோட்டில் நாம் செய்து முடிக்க வேண்டிய காரியம் மட்டும்தான் வர வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு லூக்கா 3ஆம் அதிகாரம்தான் முதல் பகுதி. யோவான் ஸ்நானகனிடம் ஜனங்கள், வரி வசூலிக்கிற ஆயக்காரர், போர்ச்சேவகர் என்று மூன்று கூட்டத்தார் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலுக்கு ஏற்ற பதில் சொல்கிறார். இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆயக்காரர் கட்டளையிட்டதற்கு மேல் வாங்கக் கூடாது. சேவகரிடம், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்கிறார். யாரையும் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. அரசாங்க அலுவலகத்தில் இருக்கிற தம்பி, தங்கச்சிமாரும் இந்தப் பகுதியை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். சான்றிதழுக்காக நாலாவது தடவை வந்து நிற்கிற பெரியவரின் பெயரை அவர்கள் எழுத வேண்டியிருக்கும்.

தராசு

நீதிமொழிகள் 11:1 எங்கள் கடையில் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். வாங்க வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒட்டவில்லை. எடை போடுகிற பையன் பார்க்கிற பக்கம்தான் இருக்கிறது.

இதைக் கைக்கொள்வது எப்படி? மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து கேட்பார்கள் என்பதற்காக மட்டும் போடாதீர்கள், தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து நீங்களே முந்திக்கொள்ளுங்கள். ஓலைப்பெட்டியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கருப்பட்டியின் எடையைச் சொல்ல வேண்டும். கிலோவுக்கு 20 கிராம் குறைந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு 50 கிலோ விற்கிற கடையில் அது ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ மற்றவர்களுடையது.

கருப்பட்டியில் இன்னொரு கள்ளத்தராசு உண்டு, அது தட்டில் தெரியாது. பதநீரோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சுவது. சீனி விலை குறைவு, கருப்பட்டி விலை அதிகம். சிரட்டையில் ஊற்றி எடுத்துவிட்டால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 2023இல் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு கூடினால் அந்தப் பெயரில் எதையாவது விற்கிற ஆசையும் கூடத்தான் செய்யும். ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தை இங்கே வாசியுங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்து, மரக்காலைக் குறைத்து, தானியத்தின் பதரையும் சேர்த்து விற்கிறவர்களைப் பற்றி அந்தத் தீர்க்கதரிசி பேசுகிறார். அவர்கள் ஓய்வுநாளை மீறுகிறவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள். அன்றைக்குக் கடையை அடைக்கிறார்கள். மனசு மட்டும் கடையில் இருக்கிறது.

விற்கிறவர்களை மட்டும் சொல்லிவிட்டு விட முடியாது. நீதிமொழிகள் 20:14 வாங்குகிறவர்களுக்காக எழுதப்பட்டது: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." தெருவில் கீரை கொண்டுவருகிற பாட்டியிடம் வாடிப்போயிற்று, பூச்சி இருக்கிறது என்று சொல்லி ரெண்டு ரூபாய் குறைத்துவிட்டு, உள்ளே போய் நல்ல கீரை மலிவாகக் கிடைத்தது என்று சொல்கிறோம் அல்லவா, அதுதான். இந்த வசனத்தைச் சங்கத்தில் வாசித்த அன்று கூட்டத்தில் சத்தமே இல்லை. பேரம் பேசலாம், பொருளில் இல்லாத குறையைச் சொல்லக் கூடாது. அந்த வாரம் நிறைய நோட்டுகளில் கீரைப் பாட்டி இருந்தார்.

முன்பணம், அடகு

எனக்கு மிகவும் கனமான பகுதி உபாகமம் 24. பனைத் தொழிலை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும். பங்குனி, சித்திரையில் பதநீர் தொடங்கினால் ஆடி, ஆவணி வரை ஓடும். அப்புறம் மழைக்காலத்தில் பனையில் வருமானம் இல்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மருந்து, கல்யாணம், எதுவும் மழைக்காலத்துக்காக நிற்காது. பனையேறுகிறவர்கள் அப்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். சீசன் வந்ததும் கருப்பட்டியை அதே வியாபாரிக்கே போட வேண்டும். விலையை யார் சொல்வது? பணம் கொடுத்தவர்தான். விடியுமுன் பனையில் ஏறுகிறவர் முன்பணம் வாங்கினவர், விடிலி என்கிற காய்ச்சும் குடிசையில் புகைக்குள் உட்கார்ந்து காய்ச்சுகிறவர் அவருடைய மனைவி. விலை மட்டும் வேறொருவர் கையில்.

உபாகமம் 24:6 சொல்கிறது: "திரிகையின் அடிக்கல்லையாவது அதின் மேற்கல்லையாவது ஒருவரும் அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோலாகும்." மாவரைக்கிற கல் போனால் அந்த வீட்டில் அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அதனால் யார் யாருக்குக் கடன் கொடுத்தாலும், அவர் பிழைக்கிற பொருளைப் பிடித்துவைக்கக் கூடாது. இன்றைக்கு அது என்னென்ன? ரேஷன் கார்டு. முதியோர் பென்ஷன் வருகிற ஏ.டி.எம். கார்டு. ஆட்டோவின் ஆர்.சி. புத்தகம். தையல் மிஷின். உங்கள் அலமாரியில் அடுத்தவருடைய இப்படிப்பட்ட பொருள் ஏதாவது இருந்தால், இந்த வாரம் நோட்டில் எழுத வேண்டிய பெயர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே அதிகாரத்தின் 10, 11ஆம் வசனங்கள் இன்னும் நுட்பமானவை. கடன் கொடுத்தவன் அடகு வாங்க அடுத்தவன் வீட்டுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும். கடன் வாங்கினவன் தானே அடகை எடுத்துக்கொண்டு வெளியே வருவான். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலுக்கு மரியாதை உண்டு என்று கர்த்தர் சட்டம் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் என் மாமியார் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். பாக்கி கேட்கப் போனால் வாசலைத் தாண்ட மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் போக மாட்டார். பிள்ளைகள் முன்னால் தொகையைச் சொல்ல மாட்டார். "கடைப்பக்கம் வந்துட்டுப் போப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். வசூல் நின்றுபோகவில்லை, வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

முன்பணம் கொடுப்பதில் நாங்கள் கடைப்பிடிக்கிற முறை இது. தொகையை இரண்டு நோட்டில் எழுதுவோம், ஒன்று அவர்களிடம் இருக்கும். விலை, கருப்பட்டி போடுகிற அன்றைய சந்தை விலைதான். ஈரக் கருப்பட்டி காயும்போது எடை குறையும் என்பதால் கழிவு உண்டு. அந்தக் கழிவு முன்பணம் வாங்கினவருக்கும் வாங்காதவருக்கும் ஒன்றே. வட்டி இல்லை. யாத்திராகமம் 22:25 அதை எளியவர்களுக்குக் கொடுக்கிற கடனைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. இதனால் லாபம் குறையும்தான். குறைந்தாலும் கடை நடக்கிறது.

வட்டிக்கு விடுகிறவர்கள் நம் சபைகளில் இல்லாமல் இல்லை. அவர்கள் நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வாசிக்க வேண்டும். எருசலேமின் அலங்கம், அதாவது மதில் கட்டுகிற வேலை நடக்கும்போது, சொந்த ஜனத்திடமே வட்டி தண்டினவர்களைக் கூட்டி, நூற்றுக்கொன்று வீதமாக வாங்கின வட்டியையும் பிடித்த நிலங்களையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் நெகேமியா. அலங்கம் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இந்தக் கூக்குரலைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறார். கோயிலுக்குக் கோபுரம் கட்ட நன்கொடை எழுதுமுன் இந்த அதிகாரத்தை ஒருதடவை பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டமே வந்துவிட்டது. வேதத்தில் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே இருக்கிறது.

கூலி

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்" என்கிறது உபாகமம் 24:15. எங்களிடம் பெட்டி கட்டுகிற பெண்களுக்கு வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர்கள் அவர்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கொடுத்தால் அவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. அதனால் மூன்று மணிக்குக் கொடுத்துவிடுவேன். சில்லறை இல்லை என்று சொல்லாதபடி வெள்ளிக்கிழமையே மாற்றி வைத்துவிடுவேன். "அவங்க கேட்கவே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர் எப்படிக் கேட்பார்? யாக்கோபு 5:4இல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அறுத்தவர்களுடைய கூக்குரலும் கர்த்தரின் செவிகளில் படுகிறது.

திருப்பிக் கொடுப்பது

ஆயக்காரனான சகேயுவின் கதையை ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். காட்டத்தி மரத்தில் ஏறினதுதான் நினைவில் நிற்கிறது. லூக்கா 19:8 வரை வாசிக்க வேண்டும். அநியாயமாய் வாங்கினதை "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்", அதாவது நான்கு மடங்காக, என்கிறான். இதைக் கைக்கொள்ள லேவியராகமம் 6ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும் வழிமுறையே தருகின்றன. முதலில் அறிக்கை செய்ய வேண்டும். பிறகு முழுத் தொகையையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உரியவருக்குக் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் என்றால் ஆயிரத்து இருநூறு. உரியவர் இறந்துபோனால் அவருடைய இனத்தாருக்கு. அப்படியும் யாரும் இல்லாவிட்டால் மட்டும் கர்த்தருக்கு.

இந்த வரிசை முக்கியம். நம்மில் பலர் கடைசிப் படியை முதல் படியாக்கிவிடுகிறோம். ஒருவருக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொண்டு மனசு உறுத்தினால், அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். உரியவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். மத்தேயு 5:23, 24இல் ஆண்டவர் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொல்கிறார். காணிக்கை காத்திருக்கட்டும் என்கிறார்.

என் மாமனார் இறந்த பிறகு பழைய பேரேட்டைப் புரட்டியபோது, பனையேறி ஒருவருக்குக் கருப்பட்டி பாக்கி நின்றிருந்தது. குடும்பம் கேரளத்துக்குப் போய்விட்டது, போன பிறகு அவரும் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. என் கணவர் விசாரித்து விசாரித்து மகளைக் கண்டுபிடித்தார், நாங்களே போய்க் கொடுத்தோம். இருபது வருஷத்துக்கு முந்தின விலையில் கணக்குப் போடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்த எடைக்கு இன்றைய விலையும், ஐந்தில் ஒரு பங்கும் என்று முடிவு செய்தோம். அந்தப் பெண் ரூபாயை விட, அப்பாவின் பெயர் எழுதியிருந்த அந்தப் பக்கத்தைத்தான் கேட்டாள். கிழித்துக் கொடுத்துவிட்டோம்.

நாம் கடன்பட்டிருந்தால்

கொடுக்க வேண்டியவர்களுக்கு 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கக் கடன் கொடுத்தவன் வந்து நிற்கிறான். அவள் பக்கத்து வீடுகளில் வாங்கின பாத்திரமெல்லாம் எண்ணெயால் நிறைகிறது. தீர்க்கதரிசி எலிசா, "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள்" என்று சொல்கிறார். அற்புதத்தில் வந்த பணத்துக்கும் முதல் செலவு கடன்தான். போனஸ், சீட்டுப் பணம், வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பினது, எது வந்தாலும் இந்த வரிசையில் செலவழித்துப் பாருங்கள்.

பணம் இல்லை என்றால் தவணை நாளுக்கு முந்தின நாளே போய்ச் சொல்லுங்கள். தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பாதீர்கள். இரவல் வாங்கின பொருளும் கடன்தான். 2 இராஜாக்கள் 6இல் மரம் வெட்டுகிற ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்ததும் அவன், "அது இரவலாக வாங்கப்பட்டதே" என்றுதான் கூவுகிறான். இந்தப் பகுதியை வாசித்த வாரத்தில் எங்கள் ஊரில் இட்லிக் கொப்பரை, ஏணி, குடை எல்லாம் வீடு திரும்பின.

மகளிர் குழுவில் ஜாமீன் கையெழுத்துப் போடுமுன் நீதிமொழிகள் 6:1 முதல் 5 வரை வாசியுங்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. உங்களிடம் வாங்கினவர் உண்மையாகவே கொடுக்க முடியாத நிலையில் இருந்தால், மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்ததை வாசியுங்கள். விட்டுவிடுவது என்று முடிவு செய்தால் அதை அவரிடம் வாயால் சொல்லுங்கள், நோட்டிலும் அவர் கண் முன்னால் அடித்துவிடுங்கள். மனசுக்குள் மன்னித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தால், அவர் பயந்துகொண்டேதான் இருப்பார்.

சபைப் பணம்

எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் தீத்துவோடு, சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் அனுப்புகிறார். "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" என்பது அவர் சொல்லும் காரணம். அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது. ஆகவே காணிக்கையை எண்ணும்போது இரண்டு பேருக்குக் குறையாமல் உட்காருங்கள். இருவரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டாம். எண்ணின மேஜையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்குக் கேட்கிறவரை விசுவாசமில்லாதவர் என்று சொல்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அவர் கேட்பதற்கு இந்த அதிகாரத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் வாழைத்தார், சேவல், பூசணிக்காய் என்று கோயில் வாசலில் ஏலம் போகும்போது உற்சாகத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று கூவிவிடுகிறோம். பொருளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்தும் விடுகிறோம். பணம் மட்டும் அடுத்த பண்டிகை வரை பாக்கிப் பட்டியலில் நிற்கிறது. பிரசங்கி 5:5, நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைப் பார்க்கிலும் நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்கிறது. ஏலத்துக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு தொகையைப் பேசி முடிவுசெய்து, கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு மேல் யார் கூவினாலும் விட்டுக்கொடுங்கள். பழைய பாக்கி ஏதும் இருந்தால், இந்த வார நோட்டில் பெயர்க் கட்டத்தில் சபைப் பொருளாளரின் பெயரை எழுதி, சனிக்கிழமைக்குள் கட்டிவிட்டு ரசீது வாங்கி வையுங்கள்.